கண்டோலன்ஸ் கேட்ட ஞாயிற்றுக்கிழமை

அன்றைக்கு என் மாவு மில்லில் இருந்தவர்கள் ஆறு பேர். நான், என் மனைவி, எதிர்வீட்டுப் பால்காரம்மா, கோதுமை அரைக்க வந்த துணிக்கடை பாய், கேழ்வரகுப் பையோடு வந்து சங்கதி தெரிந்ததும் போகாமல் நின்றுவிட்ட பூக்காரம்மா, அப்புறம் டீச்சர். இதை முதலிலேயே எழுதி வைத்துவிடுகிறேன். ஏனென்றால் அதற்கப்புறம் பாப்பிரெட்டிப்பட்டியில் யார் யாரோ "நானும் அன்னிக்கி இருந்தேன்" என்று சொல்லிக் கேட்டாகிவிட்டது. இல்லை. ஆறு பேர்தான். மில்லில் அதற்கு மேல் உட்காரவும் இடமில்லை.

டீச்சர் எங்கள் வீட்டை ஒட்டிய தனி அறையில் வாடகைக்கு இருந்தார். சொந்த ஊர் மிசோரம். இங்கே ஒரு தனியார் பள்ளியில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க வந்திருந்தார். மிசோரம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நான் ஒன்பதாவதோடு நின்றவன். குடிவந்த அன்று டீச்சரே போனில் காட்டினார். விரலால் இழுக்க இழுக்கத் தூரம் வந்துகொண்டே இருந்தது. இவ்வளவு தூரத்துப் பெண்ணுக்கு இங்கே காய்ச்சல் வந்தால் யாருக்குச் சொல்வது, சொன்னால் அவர்கள் எந்த ரயிலில் ஏறி எப்போது வந்து சேர்வார்கள்? முன்பணத்தை வாங்கிக்கொண்டு இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன். "வாடகைக்கு வந்தவங்களப் பாத்து மொதல்ல சிரிங்க. காய்ச்சல் வரப்ப வரட்டும்" என்றாள் மனைவி.

காய்ச்சல் வரவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளிடமிருந்து டீச்சர் தமிழ் பிடித்துக்கொண்டார். என்னை அண்ணா என்றும் என் மனைவியை அக்கா என்றும் கூப்பிடுவார். தண்ணீர் வந்தால் எனக்கு முன்னாலேயே அவர் சத்தம் போட்டு எழுப்பிவிடுவார்.

பிப்ரவரி மாதம் ஒரு வியாழக்கிழமை டீச்சரின் அப்பா இறந்துபோனார். அவர்கள் ஊரில் மறுநாளே அடக்கம் செய்துவிடுவார்களாம். இங்கிருந்து பெங்களூர் போய், விமானம் ஏறி, இன்னொரு விமானம் மாறி, அப்புறம் மலைரோட்டில் வண்டி பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். பரிட்சை முடிந்து நிதானமாக வந்தால் போதும் என்று அவர் அம்மாவே சொல்லிவிட்டாராம். வெள்ளிக்கிழமை எப்போதும்போல் பள்ளிக்கூடத்துக்குப் போனார். திரும்பி வந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தால் இறங்கியிருக்கும்.

எங்கள் பக்கத்தில் துக்கம் கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. செத்தவர் வீட்டுக்குப் போக வேண்டும். செவ்வாய், வெள்ளி போகக் கூடாது. அவர்கள் "வாங்க" என்று சொல்ல மாட்டார்கள், நாமும் எதிர்பார்க்கக் கூடாது. எழுந்து வரும்போது "போய்ட்டு வர்றேன்" என்று சொல்லக் கூடாது, ஒன்றும் சொல்லாமல் வந்துவிட வேண்டும். இதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஆனால் செத்தவர் வீடு விரலால் இழுக்க இழுக்க வரும் தூரத்தில் இருந்தால் என்ன செய்வது? அதை யாரும் சொல்லிவைக்கவில்லை. சாவு விழாத வீட்டில் போய் துக்கம் கேட்டால், அந்த வீட்டுக்கே சாவை வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிடுகிற மாதிரி என்பார்கள். அந்த வீடு என் வீடு. என் மனைவிக்குச் சர்க்கரை இருக்கிறது. எனக்கு எது இருக்கிறது என்று பார்க்கவே பயந்துகொண்டு ஆஸ்பத்திரிப் பக்கம் போகாமல் இருக்கிறேன்.

சனிக்கிழமை காலையில் குழாயடியில் டீச்சரைப் பார்த்தேன். கண் வீங்கியிருந்தது. தண்ணீர் குடத்தில் விழுவதையே பார்த்துக்கொண்டிருந்தவர், தலையைத் திருப்பாமல் கேட்டார்.

"எல்லாரும் கண்டோலன்ஸ் சொன்னாங்க அண்ணா. போன் ஃபுல்லா கண்டோலன்ஸ். இந்தத் தெருவுல மட்டும் யாரும் ஒண்ணும் சொல்லல. அப்பா செத்தது தெரியாதா?"

"தெரியுங்க டீச்சர்."

"தெரிஞ்சும் சொல்லலயா?"

குடம் நிரம்பி வழிந்தது. நான் குழாயை மூடினேன்.

கொஞ்ச நேரத்தில் மனைவி வந்து இன்னொன்றையும் சொன்னாள். பரிட்சை முடிந்ததும் அறையைக் காலி செய்துகொண்டு ஒரேயடியாக ஊருக்குப் போய்விடுவதாக டீச்சர் சொன்னாராம். ஊர் நல்ல ஊர்தான் அக்கா, ஆனால் இங்கே யாருக்கும் மனசு இல்லை என்றாராம். வாடகை போகிறதே என்று எனக்குக் கவலை வரவில்லை. வராதது எனக்கே ஆச்சரியம். இந்தத் தெருவில் மனசு இல்லை என்று நினைத்துக்கொண்டே அந்தப் பெண் ரயில் ஏறப்போகிறதே என்றுதான் அடித்துக்கொண்டது.

மில்லுக்கு வந்து மோட்டாரைப் போட்டேன். தொட்டியில் கேழ்வரகு இறங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சொல்லும் தலைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கண்டோலன்ஸ். ஆம்புலன்ஸ் மாதிரி ஏதோ அவசரத்துக்கு வருகிற வண்டி போலக் கேட்டது. போனில் வாயால் சொல்லித் தேடினேன். "இரங்கல்" என்று வந்தது. இரங்கல் எனக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டுச் சுவரில், பேனரில், பேப்பரில் பார்த்திருக்கிறேன். ஆனால் யோசித்துப் பார்த்தால், ஒரு மனுசன் இன்னொரு மனுசனின் முகத்தைப் பார்த்து "என் இரங்கல்" என்று வாயால் சொல்லி நான் கேட்டதே இல்லை. போஸ்டர் ஒட்டுகிறவர்கள் வைத்திருக்கும் சொல் அது. நாம் துக்கம் "கேட்கிறோம்". இழவு "கேட்கப் போகிறோம்". டீச்சரோ, யாரும் "சொல்லவில்லை" என்கிறார். அங்கே சொல்கிறார்கள், இங்கே கேட்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானா, வேறு வேறா? எனக்கு அரிப்பு எடுத்துவிட்டது.

அரைக்க வந்தவர்கள் இரண்டு மூன்று பேரிடம் கேட்டேன். ஒருவர் அது சாவுக்கு விடுகிற லீவு என்றார். கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி, அது ஒன்றும் இல்லை, குரூப்பில் யாராவது செத்தால் டைப் பண்ணுவது, முதல் மூன்று எழுத்தை அடித்தால் மீதியைப் போனே போட்டுவிடும் என்றாள். அது எனக்கு இன்னும் கவலையைக் கொடுத்தது.

மத்தியானம் மனைவி டீ போட்டு எடுத்துக்கொண்டு டீச்சர் அறை வாசலுக்குப் போனாள். நானும் பின்னாலேயே போய் வெளியே நின்றுகொண்டேன். துக்கம் கேட்கவில்லை. சொல்லைத்தான் கேட்டேன்.

"டீச்சர், அந்தக் கண்டோலன்ஸுன்னா என்னாங்க?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில், இந்த ஆள் விளையாடுகிறானா என்று இருந்தது. அப்புறம் என் முகத்தைப் பார்த்து இல்லை என்று தெரிந்துகொண்டார் போல. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, வகுப்பில் சொல்வதுபோல் இரண்டு கையையும் விரித்தார். அது பழைய லத்தீன் பாஷையிலிருந்து வந்ததாம். முதல் பாதிக்குச் சேர்ந்து என்று அர்த்தமாம். பின்பாதிக்கு வலி. இரண்டு கையையும் ஒன்றாகச் சேர்த்துக் காட்டினார். "சேர்ந்து வலிக்கிறது, அண்ணா."

"அதுக்கு என்னா பதில் சொல்லணும்?"

"தேங்க்யூ சொல்லணும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. துக்கத்துக்கு நன்றியா? மனைவி என் முழங்கையை இடித்தாள்.

டீச்சர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனார். அவர் ஊரில் இங்கிலீஷ் சொல் எல்லாம் தேவையே இல்லையாம். சாவு விழுந்த வீட்டுக்குத் தெருவே வந்துவிடுமாம். உட்கார்ந்து பாட்டுப் பாடுவார்களாம். இளவட்டங்கள் அந்த வீட்டிலேயே சில நாள் தங்கித் தூங்குவார்களாம், வீட்டு ஆட்கள் தனியாக இருக்கக் கூடாது என்று. இப்போதும் அங்கே அம்மாவோடு ஆட்கள் இருக்கிறார்கள். "எனக்குத்தான் இங்க யாரும் இல்ல" என்று சொல்லவில்லை. டம்ளரை எடுத்து, ஆறிப்போன டீயைக் குடித்தார்.

நான் கடைசியாக ஒன்று கேட்டேன். அதைக் கேட்காமல் என்னால் அங்கிருந்து நகர முடியாது. "அந்தக் கண்டோலன்ஸ, செத்தவங்க இருந்த வூட்டுலதான் சொல்லணுங்களா?"

"இல்ல அண்ணா. நான் எங்க இருக்கேனோ அங்க."

இதுதான் எனக்கு வேண்டியிருந்தது. நம் துக்கம் பிணம் கிடந்த இடத்துக்குப் போகிறது. இந்தச் சொல் ஆள் இருக்கும் இடத்துக்கு வருகிறது. ஆள் எங்கே இருந்தாலும் வரும், பஸ்ஸில் இருந்தாலும் வரும், பாப்பிரெட்டிப்பட்டிக்கும் வரும். எவ்வளவு நல்ல வசதி என்று நினைத்தேன்.

நேராக எதிர்வீட்டுக்குப் போனேன். பால்காரம்மா என்னைவிட மூத்தவர். வீட்டில் பேசுவது தெலுங்கு, மாட்டிடம் பேசுவதும் தெலுங்கு, தெருவில் சண்டை போடுவது தமிழில். தினமும் டீச்சருக்கு அரை லிட்டர் ஊற்றுகிறவர். ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று கேட்டேன்.

தவிடு பிசைந்த கையை உதறிவிட்டு என் பக்கம் திரும்பினார். "எப்பிடித் தம்பி கேக்கறது? அது குடியிருக்கறது உன் வூட்டு வாசல்ல. நீ பல்லி சொன்னாலே நாலு நாளைக்கு மொகம் செத்துத் திரியற ஆளு. உன் வாசல்ல வந்து நாங்க எழவு கேட்டா, நாளைக்கு உனக்கு ஒரு தும்மல் வந்தாலும் எங்கமேல வரும். தெருவே உனக்காகத்தான் வாய மூடிக்கிட்டுக் கெடக்குது."

நான் அங்கேயே தவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். தெருவுக்கு மனசு இல்லை என்று அந்தப் பெண் நினைத்துக்கொண்டிருக்கிறது. தெருவோ என் மனசுக்குப் பயந்துகொண்டிருக்கிறது.

"டீச்சர் ஒரேயடியா ஊருக்குப் போறாங்களாம்" என்றேன்.

பால்காரம்மா மாட்டின் கழுத்தைச் சொறிந்தார். வருத்தம் வந்தால் அவர் செய்வது அது.

எழுந்து போகலாம் என்று காலை ஊன்றும்போதுதான் எனக்கு மில் ஞாபகம் வந்தது. வீட்டுக்கும் மில்லுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். ஆனால் மில்லுக்குத் தனி வாசல், தனி மீட்டர், தனி வரி. அங்கே யாரும் படுத்ததில்லை, சமைத்ததில்லை. "மில்லு வூடில்லையே" என்றேன்.

பால்காரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏந் தம்பி, மோட்டாருக்குத் தீட்டு ஒட்டாதா?"

"மோட்டார நிறுத்திடறேன்."

"சரி. நாளைக்கி ஞாயித்துக்கெழம. பால் ஊத்திட்டு வர்றேன்."

ஞாயிற்றுக்கிழமை மில்லுக்குக் கூட்டம் வரும் நாள். ஒன்பதரை மணிக்கு மோட்டாரை நிறுத்தினேன். பெல்ட் இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. பாயின் கோதுமை பாதி அரைத்தும் பாதி அரைக்காமலும் தொட்டியில் நின்றது. விஷயத்தைச் சொன்னதும் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக உட்கார்ந்தார். பூக்காரம்மா பையை வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டார். மனைவி போய், அண்ணன் கூப்பிடுகிறார் என்று மட்டும் சொல்லி டீச்சரைக் கூட்டிவந்தாள்.

ஸ்டூலில் உட்காரவைத்தோம். பால்காரம்மா கீழே உட்கார்ந்து டீச்சரின் இரண்டு கையையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அப்புறம் கேட்டார்.

"அப்பாவுக்கு என்னா கண்ணு ஆச்சி?"

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். சொல்ல ஆரம்பித்தார். மூச்சு வாங்கியது, ஆஸ்பத்திரி தூரம், மாமா வண்டி எடுத்தார் என்று. பால்காரம்மா விடவில்லை. எத்தனை நாளாக மூச்சு வாங்கியது, முன்னாடியே வைத்தியம் பார்த்தார்களா, பக்கத்தில் யார் இருந்தார்கள், நீ எப்போது கடைசியாகப் பேசினாய், என்ன பேசினார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அப்பா என்ன வேலை செய்தார் என்று கேட்டபோது, இஞ்சிக்காடு வைத்திருந்தார் என்றார் டீச்சர்.

"இஞ்சியா? அங்க கிலோ என்னா வெலைக்குப் போவுது?"

மனைவி பால்காரம்மாவை முறைத்தாள். ஆனால் டீச்சர் சிரித்துவிட்டார். வியாழக்கிழமைக்கு அப்புறம் அன்றுதான் அந்த முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். அப்பாவும் எப்போதும் விலையைப் பற்றித்தான் பேசுவாராம், கடைசியாகப் போனில் பேசியதும் அதுதானாம். இந்த வருசம் விலை இல்லை, விதைக்கு வைத்துக்கொள்ளப் போகிறேன் என்றாராம்.

அதுவரை பேசாமல் இருந்த பூக்காரம்மா மெதுவாகக் கேட்டார். "கடைசியா என்னா சாப்புட்டாரு?"

டீச்சருக்குத் தெரியவில்லை. அத்தனை பேர் அத்தனை செய்தி அனுப்பியிருந்தார்கள். ஒருவரும் இதைக் கேட்கவில்லை. அவரும் அம்மாவிடம் கேட்கவில்லை. அங்கேயே போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டார்.

அந்தம்மாவின் குரல் மில்லுக்குள் கேட்டது. மிசோ பாஷையில் நீளமாகச் சொன்னார். எங்களுக்கு ஒரு எழுத்துப் புரியவில்லை. பால்காரம்மா மட்டும் போனைப் பார்த்து, கதை கேட்கிற மாதிரி, சரியான இடத்தில் எல்லாம் "உம்… உம்" என்று கொட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்துக் குரல் ஒருமுறை நின்று, யார் அது என்று கேட்டது போலிருந்தது. டீச்சர் ஏதோ சொன்னார். குரல் மறுபடியும் தொடர்ந்தது, இந்தத் தடவை இன்னும் மெதுவாக, எங்களுக்கும் சேர்த்துச் சொல்வதுபோல்.

டீச்சர் தமிழில் சொன்னார். "சோறு. பூசணி இல வேகவச்சது. அப்புறம் வாழப்பழம். பாதி சாப்ட்டு, பாதி தட்டுல வச்சிட்டு, அப்புறமா சாப்பிடறேன் சொன்னாராம்."

பாதிப் பழத்தில்தான் உடைந்தார். பால்காரம்மா எட்டி அணைத்துக்கொண்டார். போனுக்குள் அவர் அம்மாவும் அழுதார். பூக்காரம்மா அழுதார், என் மனைவி அழுதாள். அந்த நேரம் பார்த்து, சுவரில் மாட்டியிருந்த, போனில் பணம் வந்தால் சத்தமாகச் சொல்லும் பெட்டி கணீரென்று "இருபத்தைந்து ரூபாய் பெறப்பட்டது" என்றது. காலையில் அரைத்துக்கொண்டு போன எந்த மகராசனோ அப்போதுதான் நியாயமாக நடந்துகொண்டிருக்கிறான். நான் பாய்ந்துபோய் ஒயரைப் பிடுங்கினேன். யாரும் என்னைத் திட்டவில்லை.

முடிந்ததும் பெண்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்கள். டீச்சர் "தேங்க்யூக்கா" என்றார். பூக்காரம்மா திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். பதில் சொல்லாமல், திரும்பிப் பார்க்காமல், அவரும் பால்காரம்மாவும் வெளியே போனார்கள். டீச்சரின் முகம் மாறிவிட்டது. ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டேனா, கோபமா என்று கேட்டார். துக்கம் கேட்டால் போய்ட்டு வருகிறேன் என்று சொல்லக் கூடாது, மறுபடியும் இப்படி ஒன்றுக்கு வரக் கூடாது என்று அர்த்தம், அதனால்தான் பேசாமல் போகிறார்கள் என்று விளக்கினேன். அவர் அதை யோசித்துப் பார்த்தார். பாய் எழுந்து, அல்லா பொறுமையைக் கொடுப்பான் என்று சொல்லி, அவர்கள் வழக்கத்தில் மூன்று நாளைக்குள் கேட்டுவிட வேண்டும், நாலாவது நாளாகிவிட்டது என்று டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

பால்காரம்மா போனவர், மறுநாள் பாலோடு வந்து என்னிடம் ஆரம்பித்தார். கருமாதிக்குள் மகளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து புதுச்சேலை எடுப்பது எங்கள் பக்க வழக்கம். எடுக்க வேண்டியது அண்ணன் தம்பி.

"உன்னத்தான அண்ணான்னு கூப்புடுது."

எனக்குத் தலை சுற்றியது. சேலை ஒன்றும் பெரிதில்லை. ஆனால் அண்ணன் என்று ஒரு தடவை எடுத்துவிட்டால் அதோடு நிற்குமா? நாளைக்கு அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம், சீர், அப்புறம் குழந்தை, மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்துவது. மிசோரத்தில் போய் நான் எப்படி? விமானம் வேறு ஏற வேண்டும். இதை எல்லாம் மனைவியிடம் சொன்னேன்.

"பொறக்காத கொழந்தைக்கு இப்பவே ஊசி கோத்துட்டீங்களா? கெளம்புங்க கடைக்கு" என்றாள்.

கையில் அறுநூறு ரூபாய் இருந்தது. பாய் கடையில் அறுநூறுக்கு ஒரு நல்ல பூப்போட்ட சேலையைத்தான் நான் எடுத்துவைத்தேன். மனைவி அதை ஒரு விரலால் தள்ளிவிட்டு, பச்சையில் அரக்குக் கரை போட்ட ஒன்றை எடுத்தாள். ஆயிரத்து நூற்றைம்பது. பொறந்த வூட்டுச் சேலையை வாடகைக்காரருக்கு எடுக்கிற மாதிரி எடுப்பார்களா என்று பாய்க்குக் கேட்கும்படியே சொன்னாள். பாய் சிரித்துக்கொண்டே மடித்துப் பையில் போட்டார். மீதி எப்போது வேண்டுமானாலும் கொடுங்கள் என்றார்.

மில்லில் வைத்துத்தான் கொடுத்தோம். என்னவென்று மனைவி விளக்கியதும் டீச்சர் சேலையைப் பிரிக்காமல் நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றார். தேங்க்யூ சொல்ல வாயெடுத்து, பால்காரம்மாவைப் பார்த்து, சொல்லாமல் விட்டுவிட்டார்.

பரிட்சை முடிந்து, அம்மாவைப் பார்க்கக் கிளம்பினார். நான் முதலில் பார்த்தது அறையைத்தான். பாத்திரம், பாய், ஸ்டவ், புத்தகம் எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. சாவியை மனைவியிடம் கொடுத்தார். பஸ் ஸ்டாண்டுக்கு நான்தான் வண்டியில் கொண்டுபோய் விட்டேன். அந்தப் பச்சைச் சேலையில் இருந்தார், அம்மாவுக்குக் காட்டுவதற்காம். பஸ்ஸில் ஏறி, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, தெருவில் படித்த தமிழில் ஒவ்வொரு எழுத்தாக அழுத்திச் சொன்னார்.

"போய்ட்டு வர்றேன், அண்ணா."

பஸ் போனபிறகும் நான் அங்கேயே நின்றேன். இரண்டு விமானம், ஒரு மலைரோடு. மழை பெய்தால் மண் சரியுமாம். திரும்பும் வழியில் பாய் கடையிலிருந்து கூப்பிட்டார். டீச்சர் வந்துவிடுவாரா என்று கேட்டார். சாவி எங்களிடம் இருக்கிறது என்றேன். ஜூனில் பள்ளி திறக்கும்போது வந்துவிடுவார், அதற்குள் உங்கள் கணக்கைத் தீர்த்துவிடுகிறேன் என்றும் சொன்னேன். அவர் கணக்கைப் பற்றிக் கேட்கவே இல்லை. ஆனாலும் எனக்கு அது உறுத்திக்கொண்டே இருக்கிறது, அண்ணன் எடுத்த சேலை ஆயிற்றே. பாக்கி ஐந்நூற்று ஐம்பது ரூபாய்.